ஏழாவது சிவப்பு டோக்கன்

எங்கள் சின்ன ஏரியைச் சுற்றி இருபத்திரண்டு வீடுகள். வீடுகளுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு நடைபாதை. கோடையில் தினமும் மாலை ஆறு மணிக்கு வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து அந்தப் பாதையில் ஒரு சுற்று நடப்பார்கள். பதினோரு கோடைகளாக நானும் நடந்து கண்டறிந்த உண்மை, இதில் ஒருவர்கூட ஏரியைப் பார்ப்பதில்லை. ஏரி வலப்பக்கம், வீடுகள் இடப்பக்கம், கழுத்துகள் அத்தனையும் இடப்பக்கம். யார் வீட்டு வேலி சாய்ந்திருக்கிறது, யார் வீட்டில் இன்னும் போன வருடத்துத் திரைச்சீலையே தொங்குகிறது, யார் காய்ந்த துணியைக் கொடியிலிருந்து எடுக்கவில்லை என்று பார்த்து முடிக்கவே ஒரு சுற்று போதாது. தண்ணீரில் என்ன இருக்கப்போகிறது, தண்ணீர்தான்.

நடை கட்டாயம் இல்லை. வராதவர்களைப் பற்றி வந்தவர்கள் நின்று நின்று ஐம்பது நிமிடம் பேசுவார்கள், அவ்வளவுதான்.

அப்பாதான் ஏரி வீட்டுச் சங்கத்தின் செயலாளர். தீயணைப்புக் கருவி விற்பது அவர் தொழில். எதைப் பார்த்தாலும் அது எரியும்போது எப்படி இருக்கும் என்று யோசித்தே தலை நரைத்தவர். ஏரி எரியாது என்பது அவருக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றம். பிறகு, எரியாவிட்டாலும் ஆளை மூழ்கடிக்கும் என்று நினைவு வந்து தெம்பானார். படகுத்துறையில் ஒரு போர்டு வைத்தார். ஆளுக்கொரு மர டோக்கன், ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. எங்கள் வீடு ஐந்தாம் எண். ஐந்து-அ என்றால் அப்பா, ஐந்து-ஆ அம்மா, ஐந்து-இ நான். தண்ணீரில் இறங்கும் முன் டோக்கனைச் சிவப்புக்குத் திருப்ப வேண்டும், ஏறியதும் வெள்ளைக்கு. அந்தியில் ஒரு டோக்கன் சிவப்பாக நின்றால் அப்பா விசில் ஊதுவார், படகு கிளம்பும், உயிர் பிழைக்கும். காகிதத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாத ஏற்பாடு.

அதைக் கெடுத்தவர் ஒன்பதாம் எண் பல் டாக்டர். நான்கு கோடைகளுக்கு முன் ஒருநாள் டிவியில் மேட்ச். நடைக்கு வர மனமில்லை, வராததற்குக் காரணம் சொல்லவும் மனமில்லை. டோக்கனைச் சிவப்புக்குத் திருப்பிவிட்டுச் சோபாவில் படுத்துவிட்டார். மறுநாள் அப்பா கேட்டபோது, "நீந்திட்டு இருந்தேன் சார்" என்றார். அவருக்கு நீந்தத் தெரியாது என்பது அப்பாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியும் என்பது டாக்டருக்கும் தெரியும். ஆனால் பொய் என்று சொன்னால் போர்டே பொய் என்றாகிவிடுமே. அப்பா, "பாத்து நீந்துங்க" என்றார்.

அந்த வாரமே ஏரியில் நீச்சல் வீரர்கள் பெருகினார்கள். சளிக்காரர், முழங்கால்வலிக்காரர், மாப்பிள்ளையோடு சண்டை போட்டவர் என்று யாருக்கெல்லாம் நடக்க முடியவில்லையோ அவர்களெல்லாம் நீந்தினார்கள். சிவப்பு என்றால் 'இன்று என்னைத் தேடாதே' என்பது ஊரறிந்த அர்த்தமாகிவிட்டது. போர்டை எல்லோரும் தவறாமல் பயன்படுத்துவதாக அப்பா ஆண்டறிக்கையில் எழுதினார். அதில் பொய் எதுவும் இல்லை.

உண்மையில் தண்ணீரில் இறங்குகிறவர் யாரும் இல்லை. காரணம் அப்பாவின் மூன்றாவது விதி: நீந்தத் தெரியாதவர்கள் ஏரியில் இறங்கக் கூடாது. ஏரியில் இறங்காமல் எப்படி நீந்தக் கற்றுக்கொள்வது என்பதற்கு விதி எதுவும் இல்லை. இருபது வயதாகிறது, வீட்டு வாசலில் ஏரி, எனக்கு முழங்கால் தண்ணீரே ஆழம்.

நான் சொல்ல வந்த நாளன்று போர்டில் ஏழு சிவப்பு. ஐந்து-ஆவும் அதில் ஒன்று.

அம்மாவின் டோக்கன் மூன்று கோடைகளாகவே மாலையில் சிவப்புதான். வீட்டில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க அப்பாவின் பேச்சைக் கேட்பவள், மாலையிலும் அதையே நடந்துகொண்டு கேட்க வேண்டுமா என்று நான் நினைத்துக்கொள்வேன். அப்பா, "அவளுக்கு லேசா தலைவலி" என்பார். மூன்று வருடத் தலைவலிக்கு மாத்திரை வாங்கித் தர வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றியதில்லை.

"என்னடா, அம்மா இன்னைக்கும் வரலையா?" என்றார் கணக்கு டீச்சர். பதினான்காம் எண். ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் எண்ணுவதை விடவில்லை.

"அம்மா தண்ணிக்குள்ள இருக்காங்க டீச்சர் அத்தை."

"ஆமாமா, மீன் பிடிச்சிட்டு வரட்டும், குழம்பு வைப்போம்."

"கடலுக்கே போயிருப்பாங்க. ரெண்டு நாளாகும்."

சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன். இப்போது யோசித்தால் அந்தச் சிரிப்பு என் காதிலேயே கேட்கிறது.

அன்று பல் டாக்டரும் நடைக்கு வந்திருந்தார். வீட்டுக்கு மச்சினர் வந்திருக்கிறாராம். "அந்த ஆளு வாயைத் திறந்தா மூடறதில்ல. என் தொழிலுக்கு அது சௌகரியம், வீட்டுல முடியலப்பா" என்றார். தலையில் புது வைக்கோல் தொப்பி. மச்சினர் கொண்டுவந்த அன்பளிப்பு. அதைப் போட்டுக்கொண்டு வெளியே போவதாகச் சொல்லித்தான் தப்பித்து வந்திருக்கிறார்.

மோட்டார் ரூம் பக்கம் திரும்பும்போது பாதி ஏரி கடந்திருந்தோம். வெயில் சாய்ந்து, தண்ணீர் முழுக்க மஞ்சள் வெளிச்சம். இதை நான் பிறகு தெரிந்துகொண்டேன். அப்போது நாங்கள் பதினெட்டாம் எண் வீட்டில் புதிதாக அடித்திருக்கும் பச்சைப் பெயிண்டைப் பற்றி ஆளுக்கொரு கருத்து சொல்லிக்கொண்டிருந்தோம்.

"இது என்ன பச்சை? பாசிப் பச்சையா, பாம்புப் பச்சையா?"

"ஆஸ்பத்திரிப் பச்சை" என்றார் டாக்டர். அந்த நேரம் ஒரு காற்று வந்து அவர் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய் ஏரியில் போட்டது.

"ஐயையோ, என் தொப்பி!"

இருபது பேரும் திரும்பினோம். பதினோரு கோடைகளில் முதல்முறையாக எல்லாக் கழுத்தும் வலப்பக்கம். தொப்பி ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு நேராக, ஏரியின் நடுவில், கறுப்பாக ஒரு உருண்டை.

"அது என்ன, பானையா?"

"வாத்துங்க."

"வாத்துக்கு எங்கேங்க காது?"

உருண்டை எங்கள் பக்கம் திரும்பியது. அதற்கு முகம் இருந்தது. அடுத்த நொடி அது சட்டென்று தண்ணீருக்குள் போய்விட்டது.

தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை விரிந்து, சிறுத்து, அடங்கியது. நான் எனக்குள் எண்ணினேன். பத்து வரை வந்தேன். முகம் மேலே வரவில்லை.

"ஆளு" என்றார் டீச்சர். "முழுகிடுச்சு."

அப்பா விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. இத்தனை வருடம் தினமும் துடைத்து வைத்த விசில். "யாரு?" என்றார். "சிவப்பு யார் யாரு?"

டீச்சர் மூச்சு விடாமல் ஒப்பித்தார். "மூணாம் நம்பர் மாப்பிள்ளை தூங்குறான், ஜன்னல்ல கால் தெரிஞ்சுது. ஏழு-ஆ போன்ல இருக்கா. பதினொன்னுல ரெண்டு பேருக்கும் சண்டை, சத்தம் கேக்கக்கூடாதுன்னு டிவியக் கத்த விட்டிருக்காங்க. பதினாறு தலைக்கு டை அடிச்சிட்டு உக்காந்திருக்கார். இருபது ஐஸ்கிரீம் சாப்பிடுது, டப்பாவோட. ஆச்சு, ஆறு பேர்."

"ஏழு சிவப்பு" என்றார் அப்பா.

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். ஒரு கணக்குக்கு விடை தெரிந்தும் அவர் சொல்லாமல் இருந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல்முறை.

"சேச்சே" என்றார் அப்பா. "அவளா? வாளி நிறைஞ்சு வழிஞ்சாலே ரெண்டடி தள்ளி நிக்கிறவ. வீட்டுல படுத்திருப்பா. டேய், போன் போடு."

போட்டேன். மணி அடிப்பது என் காதில் கேட்டது. கூடவே இன்னொரு மணியும் கேட்டது. எங்களுக்குப் பின்னால், மோட்டார் ரூம் படிக்கட்டுப் பக்கத்தில், கல் பெஞ்சுக்கு அடியிலிருந்து.

குனிந்து இழுத்தேன். துணிப்பை. உள்ளே ஒரு துண்டு, அம்மாவின் செருப்பு, செருப்புக்குள் பத்திரமாக அவள் கண்ணாடி. அதன் மேல் போன் துள்ளிக்கொண்டிருந்தது. திரையில் என் போட்டோ, கீழே 'குட்டிச்சாத்தான் அழைக்கிறது'.

அணைக்கத் தோன்றவில்லை. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தது.

என் வாயில் எப்போதும் ஏதாவது ஒன்று தயாராக இருக்கும். கல்லூரியில் அதற்காகவே என்னைக் கூட்டத்துக்கு அழைப்பார்கள். அப்போது வாயைத் திறந்தேன், உள்ளே ஒன்றுமே இல்லை. அம்மா தண்ணிக்குள்ள இருக்காங்க என்று நான்தான் சொன்னேன். அரை மணி நேரம் முன்னால், சிரித்துக்கொண்டே, இருபது பேர் முன்னால்.

"படகு!" என்று யாரோ கத்தினார்கள். படகு ஏரிக்கு அந்தப் பக்கம், படகுத்துறையில். ஆபத்து நேரும் இடத்துக்குப் பக்கத்தில் படகு நிற்க வேண்டும் என்று ஒரு வரி விதிகளில் இருந்திருக்கலாம். டாக்டர் ஓடினார். அறுபத்திரண்டு வயது, தொந்தி, தொப்பி இல்லாத வழுக்கை. பல் பிடுங்கும் நாற்காலியைவிட்டு எழுந்து ஓடுகிறவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அவரே ஓடி அன்றுதான் பார்த்தோம்.

அப்பா ஓடவில்லை. படிக்கட்டில் இறங்கினார். ஷூவோடு, சட்டைப் பையில் பேனாவோடு, கழுத்தில் விசிலோடு, நேராகத் தண்ணீருக்குள் நடந்தார்.

"அப்பா! உங்களுக்கு நீந்தத் தெரியாது!"

"தெரியும்" என்றார். தெரியாது என்பது தெரியும் என்ற அர்த்தத்தில்.

முழங்கால். இடுப்பு. நான் பின்னாலேயே இறங்கி அவர் சட்டையைப் பிடித்தேன். டீச்சர் என் காலரைப் பிடித்தார். டீச்சரின் கையைப் பதினெட்டாம் எண்காரர் பிடித்தார். அவருக்கு அப்பாவோடு பெயிண்ட் விஷயமாக ஒரு வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஏரியைச் சுற்றி நடக்க மட்டும் தெரிந்த ஒரு கூட்டம், ஒருவர் பின் ஒருவராக, கை கோத்து ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா அம்மாவைக் கூப்பிட்டார். எப்போதும்போல 'இந்தா' என்று கூப்பிட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டு, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. ரேஷன் கார்டில் பார்த்ததோடு சரி.

"எங்கேடி இருக்கே? கையத் தூக்கு! கையத் தூக்குடி!"

தண்ணீர் அவர் மார்புக்கு வந்தது. குரல் உடைந்துவிட்டது. "நான்தான் விதி போட்டேன்" என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. "இறங்கக் கூடாதுன்னு நான்தானே போட்டேன்."

அப்போது இடப்பக்கம், கோரைப்புல் கூட்டமாக வளர்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யாரைத் தேடுறிங்க எல்லாரும்?"

கோரைக்கு நடுவே அம்மாவின் தலை. தலையில் ரப்பர் தொப்பி. மேலே என் கல்லூரி டி-ஷர்ட், போன வருடம் காணாமல் போய், அறைத்தோழனோடு நான் சண்டை போட்ட அதே டி-ஷர்ட். கண்ணாடி இல்லாததால் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி எங்களைப் பார்த்தாள்.

"யாராச்சும் விழுந்துட்டாங்களா?" என்றாள். "திடீர்னு எல்லாரும் வரிசையா நின்னு இந்தப் பக்கம் பாத்திங்க. ஒருநாளும் பாக்க மாட்டிங்களே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு. முங்கி, அடியிலேயே இப்படி வந்துட்டேன்."

நடு ஏரியிலிருந்து கோரைவரை. நான் பத்து எண்ணி முடித்த பிறகும் அவள் தண்ணீருக்கு அடியில் வந்துகொண்டிருந்திருக்கிறாள். இந்த அம்மாவைத்தான் பஸ்ஸில் ஏறும்போது நான் கையைப் பிடித்து ஏற்றிவிடுவேன்.

சங்கிலியில் ஒருவரும் அசையவில்லை. செத்துப்போனவர் திரும்பி வந்தால் என்ன சொல்வது என்று சங்க விதிகளில் இல்லை. டீச்சர் என் காலரை இன்னும் இறுக்கினார். எனக்கு மூச்சு முட்டியது.

அப்பா அவள் பக்கம் திரும்பினார். ஒரு அடி வைத்தார். அங்கே அடி வைக்க இடம் இல்லை.

சட்டை கிழிந்து ஒரு துண்டு என் கையில் நின்றது. அப்பா உள்ளே போனார். ஒரு கை வெளியே தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. விசிலை மறுபடி வாயில் வைத்துவிட்டார் போல, தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது.

அம்மா நீந்தி வந்ததை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கோரையில் இருந்தாள், அடுத்துப் பார்க்கும்போது அப்பா மறைந்த இடத்தில் இருந்தாள். நடுவில் வெள்ளையாக ஒரு கோடு மட்டும் தண்ணீரில் இருந்தது. முங்கினாள். எழுந்தபோது அப்பாவின் முகவாய் அவள் உள்ளங்கையில் இருந்தது.

அப்பா இருமினார், துப்பினார், அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"கழுத்தை விடுங்க. ரெண்டு பேரும் போயிடுவோம். விடுங்கன்னா விடுங்க!"

அப்பாவை அதட்டும் குரல். எங்கள் வீட்டில் இப்படி ஒரு குரல் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. அப்பா விட்டார்.

"மல்லாந்து படுங்க. தலையைப் பின்னால சாய்ங்க, காதுல தண்ணி போனா போகட்டும். வயித்தைத் தூக்குங்க. கட்டை மாதிரி விறைக்காதிங்க, நான் பிடிச்சிருக்கேன்."

அப்பா படுத்தார். ஷூ இரண்டும் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தன. அம்மா அவர் முதுகுக்கடியில் கை கொடுத்து நின்ற இடத்திலேயே காலை அசைத்துக்கொண்டிருந்தாள். கரை ஒரு வீட்டு அகலம் தள்ளித்தான். நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். டாக்டர் எப்படியோ படகை அவிழ்த்துவிட்டார். துடுப்பு போடத் தெரியாததால் தூரத்தில் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

அப்பா வானத்தைப் பார்த்தபடி கேட்டார். "எத்தனை நாளா?"

"மூணு கோடையா."

"யாரு சொல்லிக் கொடுத்தா?"

"டவுன் நீச்சல் குளத்துல. திங்களும் வியாழனும்."

"அது தையல் கிளாஸ் இல்ல?"

"தையல்னு நான் எப்போ சொன்னேன்? பையை எடுத்துட்டுப் போனேன், நீங்களே தையலான்னு கேட்டிங்க, நீங்களே ஆமான்னு சொல்லிக்கிட்டிங்க. மூணு வருஷமா ஒரு தலையணை உறைகூட தைச்சு வரலையேன்னு ஒருத்தருக்கும் தோணல."

அப்பா இருமினார். "என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே."

"எப்போ?"

"தினமும். இறங்கறதுக்கு முன்னாடி சிவப்பு, ஏறினதும் வெள்ளை. ஒருநாள் தப்பினதில்ல. நீங்க சொன்ன மாதிரிதானே செஞ்சேன்?"

என் பின்னால் வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். டீச்சராக இருக்கலாம். அவர் கை என் காலரிலிருந்து நழுவியது. ஏரியில் அப்போது அவ்வளவு அமைதி, டாக்டர் படகில் தன்னைத் தானே திட்டிக்கொள்வதுகூடக் கேட்டது. இருபத்திரண்டு வீடுகளில் அந்தப் போர்டை நம்பி ஒரே ஒருத்திதான் இருந்திருக்கிறாள். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் சிவப்பைப் பார்த்துவிட்டு, தலைவலி என்று சொல்லி, நாங்கள் அடுத்த வீட்டுத் திரைச்சீலையைப் பார்க்கப் போயிருப்போம். மூன்று கோடை முழுக்க.

அப்பாவின் முகம் நனைந்துதான் இருந்தது. அதில் எது ஏரித் தண்ணீர் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

"அம்மா, அப்பாவைக் கரைக்குக் கொண்டு வா" என்றேன். என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"போலாமாங்க?" என்றாள் அம்மா.

அப்பாவின் வயிறு மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. விறைத்திருந்த கைகள் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் விரிந்தன.

"கொஞ்சம் இரு" என்றார்.

எந்த வேலைக்கும் கொஞ்சம் இரு என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, சத்தமில்லாமல், இரண்டு கைகளையும் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

வரிசையில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தோம். அந்தச் சத்தத்தில் அப்பா கண்ணைத் திருப்பினார். அவள் கைகள் இரண்டும் காற்றில் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"அடியே!" என்று ஏரி அதிரக் கத்தினார்.

ஆனால் முழுகவில்லை.